வரி போடுவது யார், வசூலிப்பது யார், வைத்துக்கொள்வது யார்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஈரோட்டில் பெருந்துறை ரோட்டுப் பக்கம் சின்னதாக ஓர் ஆபீஸ் வைத்துக் கணக்கு எழுதிக் கொடுத்து வருகிறேன். மஞ்சள் மண்டிக்காரர், தறி ஓட்டுபவர், லாரி வைத்திருப்பவர், திருப்பூரில் பனியன் கம்பெனி நடத்தும் சொந்தக்காரர் என்று வருகிற ஆட்கள்தான் வேறு வேறு. கேட்கிற சந்தேகம் ஒன்றேதான். டீ ஆறுவதற்குள் சொல்லி முடிக்கிற விஷயமில்லை என்பதால் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளை அவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

ஏனுங், வரி போடற அதிகாரம் டெல்லிக்கா, சென்னைக்கா? சுருக்கமா சொல்லுங்க.

இரண்டு பேருக்கும் உண்டு. ஆனால் அவரவர் பாகத்தில் மட்டும். அரசியலமைப்புச் சட்டத்தின் ஏழாவது அட்டவணையை ஒரு பாகப்பிரிவினைப் பத்திரமாக நினைத்துக்கொள்ளுங்கள். வருமான வரி, கம்பெனி வரி, இறக்குமதிக்கான சுங்க வரி எல்லாம் டெல்லியின் பாகம். நிலவரி, வாகன வரி, மின்சார வரி, மதுவின் மீதான தீர்வை, கிரயப் பத்திரத்துக்கான முத்திரைத்தீர்வை இவை மாநிலத்தின் பாகம். பத்திரத்தில் எழுதாமல் விட்டுப்போனது எதுவாக இருந்தாலும் டெல்லிக்கு. 2017இல் வந்த ஜிஎஸ்டி (சரக்கு, சேவை வரி) மட்டும் பங்குக் கிணறு. இருவருமே இறைக்கலாம். மாநகராட்சியும் ஊராட்சியும் வாங்குகிற வீட்டு வரி, தொழில் வரி எல்லாம் மாநிலம் தன் பாகத்திலிருந்து சட்டம் போட்டு விட்டுக்கொடுத்தது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வரியைப் போடுவது யார், வசூலிப்பது யார், கடைசியில் பணம் விழுவது யார் பையில் என்பவை மூன்று தனித்தனிக் கேள்விகள். என் மேசைக்கு வரும் வாக்குவாதங்களில் முக்கால்வாசி இந்த மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால் வருபவை.

துணிக்கடை பில்லுல சிஜிஎஸ்டி ஒண்ணு, எஸ்ஜிஎஸ்டி ஒண்ணுன்னு ரெண்டு தடவை புடிக்கறாங்களே?

ஒரே வரியைத்தான் இரண்டாகப் பிரித்துக் காட்டுகிறார்கள். 1,000 ரூபாய்ச் சட்டைக்கு 5 சதவீதம் என்றால் 50 ரூபாய். அதில் சிஜிஎஸ்டி என்ற 25 டெல்லிக்கு, எஸ்ஜிஎஸ்டி என்ற 25 சென்னைக்கு. 2025 செப்டம்பர் 22 முதல், விலை 2,500 ரூபாய் வரை உள்ள ஆயத்த ஆடைக்கு 5 சதவீதம், அதற்கு மேல் 18 சதவீதம். எந்த விகிதமானாலும் உள்ளூர் விற்பனையில் பாதிப் பாதிதான்.

பாம்பேக்கு பேல் அனுப்பினா ஐஜிஎஸ்டின்னு ஒண்ணுதான் வருது. தறி ஓடறது இங்க, வேலை செய்யறது நம்ம ஆளு, வரி யாருக்குங்க போவுது?

மாநிலம் விட்டு மாநிலம் போகிற சரக்குக்கு, அந்த இரண்டுக்கும் பதிலாக வருவதுதான் ஐஜிஎஸ்டி. அந்தத் துணியை அங்கேயே யாராவது வாங்கி உடுத்தினால் பாதி டெல்லிக்கு, பாதி மகாராஷ்டிரத்துக்கு. தமிழ்நாட்டுக்கு அதில் ஒன்றும் இல்லை. ஜிஎஸ்டி, சரக்கு எங்கே செலவாகிறதோ அங்கே விழுகிற வரி. ஐஜிஎஸ்டியை டெல்லி வாங்கி வைத்திருந்து, சரக்கு போய்ச் சேர்ந்த மாநிலத்தின் கணக்கில் அதன் பங்கைச் சேர்க்கிறது.

முன்பு இப்படி இல்லை. 1956ஆம் ஆண்டுச் சட்டப்படி ‘மத்திய விற்பனை வரி’ என்று ஒன்று இருந்தது. பெயர்தான் மத்திய. வசூலித்ததும் வைத்துக்கொண்டதும் சரக்கை அனுப்பிய மாநிலம். 4 சதவீதமாக இருந்ததை 2007இல் 3, 2008இல் 2 என்று இறக்கி, கடைசியில் ஜிஎஸ்டிக்குள் கரைத்துவிட்டார்கள். கரூர் திரைச்சீலை, சென்னிமலைப் பெட்ஷீட், கோயம்புத்தூர் மோட்டார் பம்பு என்று நம் பக்கம் முழுக்கவே செய்து வெளியூருக்கு அனுப்புகிற பக்கம். அப்படிப்பட்ட மாநிலத்துக்கு இந்த ஏற்பாடு கையைக் கடிக்கும் என்பது 2017க்கு முன்பே தெரியும். அதனால்தான் 2015-16 வருவாயை அடிப்படையாக வைத்து, ஆண்டுக்கு 14 சதவீதம் வளர்ந்திருந்தால் எவ்வளவு வந்திருக்கும் என்று கணக்குப் போட்டு, குறைகிற தொகையை 5 வருடத்துக்கு டெல்லி ஈடு கட்டுவதாகச் சட்டம் போட்டார்கள். அந்த 5 வருடம் 2022 ஜூன் 30இல் முடிந்தது.

நட்டம் மட்டும்தானா என்றால் அதுவும் இல்லை. கேரள எல்லையில் வாளையார் செக்போஸ்டில் லாரி நாள்கணக்கில் வரிசையில் நின்றதை நாமக்கல்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஜிஎஸ்டி வந்து அது போனதற்கும் ஒரு மதிப்பு உண்டு. அரசுக்கு வரும் வரிக்கணக்கில்தான் அது தெரியாது.

திருப்பூர்ல இருந்து வெளிநாடு போற பனியனுக்கு வரியே இல்லைங்கறாங்க. அப்புறம் எதுக்கு ரீஃபண்டு ரீஃபண்டுன்னு அலையறாங்க?

ஏற்றுமதிக்கு ஜிஎஸ்டி பூஜ்யம். ஆனால் நூல் வாங்கும்போதும் சாயம் போடும்போதும் கட்டிய வரி முன்கூட்டியே போய்விட்டதே, அதைத் திரும்ப வாங்கத்தான் அலைச்சல். அதோடு, ஜிஎஸ்டிக்கு வெளியே இருக்கிற டீசல் வரி, மின்சார வரி மாதிரியானவை துணிக்குள் ஒளிந்து கப்பலேறிவிடுகின்றன. அவற்றுக்கு ஈடாக 2019 முதல் ஆயத்த ஆடைக்கு ஒரு தள்ளுபடித் திட்டம் நடக்கிறது. மாநிலம் வாங்கிய வரிக்கும் சேர்த்து டெல்லிதான் கொடுக்கிறது. போட்டவர் ஒருவர், திருப்பிக் கொடுப்பவர் வேறொருவர் என்பதற்கு நல்ல உதாரணம் இது.

பெட்ரோலுக்கு மட்டும் ஏனுங்க ஜிஎஸ்டி வரமாட்டேங்குது? யாரு தடுக்கறது?

கச்சா எண்ணெய், பெட்ரோல், டீசல், இயற்கை எரிவாயு, விமான எரிபொருள் என்று ஐந்தை வெளியே நிறுத்தி வைத்திருக்கிறார்கள். டெல்லியும் மாநிலங்களும் சேர்ந்து உட்காரும் ஜிஎஸ்டி கவுன்சில் ஒரு தேதியைப் பரிந்துரைத்தால் உள்ளே வந்துவிடும். சட்டத்தில் தடை இல்லை, இரண்டு பக்கமும் மனசில்லை. உள்ளே வந்தால் டெல்லி தன் கலால் வரியையும் சென்னை தன் வாட்டையும் (மாநில விற்பனை வரி) விட வேண்டியிருக்கும்.

தமிழ்நாடு 2021 ஆகஸ்டில் 3 ரூபாய் குறைத்தபோது வைத்த கணக்கு, பெட்ரோல் லிட்டருக்கு 13 சதவீதமும் கூடவே 11 ரூபாய் 52 காசும். டெல்லியின் பங்கு 2025 ஏப்ரல் உயர்வோடு 21 ரூபாய் 90 காசு ஆனது. அந்த 21.90ஐப் பிரித்துப் பார்த்தால்தான் வேடிக்கை. அடிப்படைக் கலால் வரி 1 ரூபாய் 40 காசுதான். மீதியெல்லாம் செஸ் (ஒரு குறிப்பிட்ட செலவுக்கென்று போடும் மேல்வரி), கூடுதல் தீர்வை என்ற பெயரில் வருவது. மாநிலங்களுக்குப் பங்கு கொடுக்க வேண்டியது அந்த 1.40இல் மட்டும். எல்லா மாநிலத்துக்கும் சேர்த்து ஏறத்தாழ 57 காசு. தமிழ்நாட்டின் பாகம் இரண்டே கால் காசு சொச்சம். இது எப்படி என்பதை வருமான வரிக் கேள்வியில் சொல்கிறேன்.

அப்ப சாராயம்? டாஸ்மாக் பணத்துல டெல்லிக்குப் பங்கு உண்டுங்களா?

கடையில் வசூலாகும் தீர்வையும் வாட்டும் முழுக்க மாநிலத்துக்கு. பெட்ரோல் மாதிரி கவுன்சில் ஒரு நாள் முடிவெடுத்து ஜிஎஸ்டிக்குள் கொண்டுவரவும் முடியாது. குடிக்கிற மதுவை ஜிஎஸ்டியின் இலக்கணத்திலேயே விலக்கி எழுதிவிட்டார்கள். மாற்ற வேண்டுமானால் அரசியலமைப்பையே திருத்த வேண்டும்.

இதில் நம் பக்கத்துக் கதை ஒன்று இருக்கிறது. 1937இல் ராஜாஜி சென்னை மாகாணத்தின் முதலமைச்சர் ஆனார். சேலத்தில் வக்கீலாக இருந்தவர், நகராட்சித் தலைவராக இருந்தவர், திருச்செங்கோடு பக்கம் புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் நடத்தியவர். அதே வருடம் அக்டோபர் 1 முதல் மதுவிலக்கை முதன்முதலில் கொண்டுவந்தது சேலம் மாவட்டத்தில்தான். அடுத்தடுத்து மற்ற மாவட்டங்களுக்கும் நீட்டினார். அதனால் கஜானாவில் விழுந்த ஓட்டையை அடைக்க 1939இல் பொது விற்பனை வரியைக் கொண்டுவந்தார். எல்லாச் சரக்குக்கும் பொதுவான விற்பனை வரி இந்தியாவில் அப்படித்தான் பிறந்தது. பின்னாளில் அது வாட் ஆகி (தமிழ்நாட்டில் 2007 ஜனவரி 1 முதல்), அப்புறம் ஜிஎஸ்டிக்குள் போயிற்று. கள்ளுக்கடையை மூடியதால் பிறந்த வரியை டெல்லியோடு பங்கு போட்டுக்கொண்டாயிற்று, சாராயக்கடை வருமானம் மட்டும் இன்றும் மாநிலத்துக்குச் சொந்தம். இதை ராஜாஜி கேட்டால் என்ன சொல்வாரோ.

விஜயமங்கலம் சுங்கச்சாவடில கட்டறது சுங்க வரிங்களா? லாரிக்கு ரோடு டாக்ஸ் கட்டினாச்சு, மறுபடியும் எதுக்கு?

பெயர்தான் சுங்கச்சாவடி. கோயம்புத்தூரில் பஸ்ஸுக்குக்கூட ‘சுங்கம்’ என்று ஒரு நிறுத்தம் இருக்கிறது. துறைமுகத்தில் டெல்லி வாங்கும் சுங்க வரிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. தேசிய நெடுஞ்சாலையில் வாங்குவது வரியே அல்ல, சாலையைப் பயன்படுத்துவதற்கான கட்டணம். நெடுஞ்சாலை டெல்லியுடையது என்பதால் கட்டணமும் அந்தப் பக்கம் போகிறது. வண்டி வரி மாநிலத்துடையது. இரண்டும் வேறு வேறு பை.

வருமான வரி முழுக்க டெல்லிக்குப் போயிடுதே, நமக்கு என்ன திரும்புது?

போடுவது டெல்லி, வசூலிப்பது டெல்லி. ஆனால் முழுவதையும் வைத்துக்கொள்ள முடியாது. வருமான வரி, கம்பெனி வரி, சுங்கம், கலால், சிஜிஎஸ்டி எல்லாம் ஒரு பொதுத் தொகுப்பாகச் சேர்ந்து, அதில் ஒரு பகுதி மாநிலங்களுக்குப் போக வேண்டும். எவ்வளவு, யாருக்கு எத்தனை என்பதை ஐந்து வருடத்துக்கு ஒரு முறை நிதிக்குழு பரிந்துரைக்கிறது. 2021 முதல் 2026 மார்ச் வரைக்கான பதினைந்தாவது நிதிக்குழு மாநிலங்களுக்கு 41 சதவீதம் என்றது. அந்த 41ஐ நூறாக வைத்துக்கொண்டால் தமிழ்நாட்டுக்கு 4.079, உத்தரப் பிரதேசத்துக்கு 17.939. அதாவது தொகுப்பில் 100 ரூபாய் இருந்தால் நமக்கு 1 ரூபாய் 67 காசு. ஒன்பதாவது நிதிக்குழு காலத்தில் தமிழ்நாட்டின் பங்கு 7.931 ஆக இருந்தது.

ஏன் இறங்கிக்கொண்டே வந்தது? பதினைந்தாவது குழு போட்ட மதிப்பெண்ணில் 45 ‘வருமான இடைவெளி’க்கு. தலைக்கு வருமானம் அதிகமுள்ள மாநிலத்திலிருந்து நீங்கள் எவ்வளவு பின்தங்கியிருக்கிறீர்களோ அவ்வளவு மதிப்பெண். ஜனத்தொகைக்கு 15, பரப்பளவுக்கு 15, ஜனத்தொகையைக் கட்டுப்படுத்தியதற்கு 12.5, காட்டுக்கு 10. வரியை ஒழுங்காக வசூலித்ததற்கு வெறும் 2.5. கஷ்டப்படுகிற தம்பிக்குக் கூடுதலாகக் கொடுப்பதில் தப்பில்லை. ஆனால் நன்றாக உழைத்தவனுக்கு இரண்டரை மதிப்பெண் என்பது எனக்கும் ரொம்பக் குறைச்சலாகத்தான் படுகிறது.

செஸ், சர்சார்ஜ் (வரி மேல் போடும் கூடுதல் வரி) இரண்டும் இந்தத் தொகுப்பிலேயே சேராது. உங்கள் வருமான வரி மேல் 4 சதவீதம் சுகாதார, கல்வி செஸ் போட்டிருப்பதைப் பாருங்கள், அது முழுக்க டெல்லிக்கு. பெட்ரோலில் 21.90 எப்படி 1.40 ஆனது என்பதற்கும் இதுதான் விடை. இன்னொரு தகவல், சுதந்திர இந்தியாவின் முதல் பட்ஜெட்டை 1947 நவம்பர் 26இல் வாசித்த நிதியமைச்சர் ஆர்.கே. சண்முகம் செட்டியார் கோயம்புத்தூர்க்காரர்.

ஒரு ரூபா குடுத்தா 29 காசுதான் திரும்புதுன்னு மேடையில பேசறாங்களே, நெசமுங்களா?

எதை மேலே வைத்து எதால் வகுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து அந்தக் காசு ஏறும், இறங்கும். கோயம்புத்தூரில் ஆலை நடத்துகிற கம்பெனியின் தலைமை ஆபீஸ் மும்பையில் இருந்தால் அதன் வரி மும்பைக் கணக்கில் ஏறும். தூத்துக்குடித் துறைமுகத்தில் கட்டிய சுங்க வரி எந்த மாநிலத்தின் பங்களிப்பு? திட்ட மானியங்களைத் ‘திரும்பியது’ என்று சேர்ப்பதா, விடுவதா? ஆகவே கடைசிக் காசு வரைக்கும் சண்டை போட வேண்டாம் என்பேன். கொடுப்பது அதிகம், வருவது குறைவு என்பதில் மட்டும் சந்தேகமில்லை. முந்தின பதிலில் சொன்ன மதிப்பெண் முறையே அதற்காகப் போட்டதுதான். நியாயமான சண்டை செஸ் பற்றியது.

இதைச் சொன்னதும் “கோயமுத்தூர் கட்டறதுல எவ்வளவு கோயமுத்தூருக்கு வருது?” என்று எப்போதும் ஒருவர் கேட்பார். மாவட்டத்துக்கு என்று தனிப் பங்கு கிடையாது. மாநில நிதிக்குழு என்று ஒன்று உண்டு, அது மாநகராட்சி, நகராட்சி, ஊராட்சிகளுக்குத்தான் பரிந்துரைக்கும்.

மாநகராட்சிக்குத் தொழில் வரி கட்டறேன், டெல்லிக்கு வருமான வரி கட்டறேன். ஒரே சம்பாத்தியத்துக்கு ரெண்டு வரி செல்லுங்களா?

செல்லும். வருமானத்தின் மேல் விழுகிறது என்ற காரணத்துக்காகத் தொழில் வரி செல்லாது போகாது என்று அரசியலமைப்பே 276ஆம் பிரிவில் சொல்லிவிட்டது. பதிலுக்கு ஒரு கடிவாளமும் போட்டது, வருடத்துக்கு 2,500 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது. இந்த உச்சவரம்பு 1988இல் வைத்தது, இன்னும் அப்படியே நிற்கிறது.

ஸ்டேட் ஜிஎஸ்டி ஆபீசரும் கேக்கறாரு, சென்ட்ரல் ஆபீசரும் கேக்கறாரு. யாருக்குங்க நான் பதில் சொல்றது?

உங்கள் கோப்பு யாரிடம் ஒதுக்கப்பட்டிருக்கிறதோ அவருக்கு. விற்றுமுதல் ஒன்றரைக் கோடிக்குள் இருப்பவர்களில் 90 சதவீதம் பேர் மாநிலத்தின் பொறுப்பு, 10 சதவீதம் பேர் டெல்லியின் பொறுப்பு. அதற்கு மேல் போனால் பாதிப் பாதி. இது வேலைப் பங்கீடுதானே ஒழியப் பணப் பங்கீடு இல்லை. மாநில அதிகாரி வாங்கினாலும் சிஜிஎஸ்டி டெல்லிக்குத்தான் போகும்.

ஒரே விஷயத்துக்கு இரண்டு பேரும் தனித்தனியாக நடவடிக்கை எடுக்கச் சட்டம் விடாது. ஆனால் விசாரணைக்கு வரச் சொல்லி சம்மன் அனுப்பியதாலேயே நடவடிக்கை தொடங்கிவிட்டதாக ஆகாது, காரணம் கேட்கும் நோட்டீஸ் வந்தால்தான் தொடக்கம் என்று 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. எனவே இரண்டாவது சம்மனைக் கிழித்துப் போடாதீர்கள். போய், முதலாமவர் கொடுத்த கடிதத்தின் நகலைக் காட்டி எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

கவுன்சில்ல தமிழ்நாடு வேண்டாம்னு சொன்னா நின்னு போகாதுங்களா?

தனியாகச் சொன்னால் நிற்காது. ஓட்டெடுப்பு நடந்தால் டெல்லியின் கையில் மூன்றில் ஒரு பங்கு, மாநிலங்கள் எல்லாம் சேர்ந்து மூன்றில் இரண்டு பங்கு. தீர்மானம் நிறைவேற நான்கில் மூன்று பங்கு வேண்டும். கணக்குப் போட்டால், டெல்லி ஒத்துக்கொள்ளாமல் எதுவும் நடக்காது. மாநிலங்கள் தடுக்க வேண்டுமானால், எல்லோரும் வந்திருக்கும் கூட்டத்தில் 12 பேராவது சேர வேண்டும். 2019 டிசம்பரில் லாட்டரி வரிக்காகத்தான் முதல் தடவை ஓட்டெடுப்பு வரை போனது. கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்கு 2022 ஜூலையில் வரியை 5இலிருந்து 18க்கு ஏற்றியதும் இதே கவுன்சில்தான்.

2022 மே மாதம் உச்ச நீதிமன்றம், கவுன்சிலின் பரிந்துரை நாடாளுமன்றத்தையோ சட்டமன்றத்தையோ கட்டுப்படுத்தாது என்று தீர்ப்பளித்தது. அப்படியானால் தமிழ்நாடு மட்டும் வேறு விகிதம் போடலாமே என்று உடனே கேட்பார்கள். ஏட்டளவில் போடலாம். ஆனால் எஸ்ஜிஎஸ்டி பாதியை மட்டும்தான் மாற்ற முடியும். பில் போடுகிறவர் பாடு திண்டாட்டமாகிவிடும்.

தோட்டத்து வருமானத்துக்கு வரி இல்லை. கோழிப்பண்ணையும் தோட்டத்துலதான் இருக்குது, அதுக்கு மட்டும் ஏனுங்?

விவசாய வருமானத்துக்கு வரி போடுவது மாநிலத்தின் பாகம், டெல்லியால் தொட முடியாது. போட்டால் அடுத்த தேர்தலில் என்ன ஆகும் என்று மாநிலங்களுக்குத் தெரியும். கோழிப்பண்ணை இருப்பது தோட்டத்தில் என்றாலும் நிலத்தை உழுது எடுத்த விளைச்சல் இல்லையே. அது வியாபாரம், ஆகவே டெல்லியின் பாகம். நாமக்கல்காரர்களுக்கு இதில் கோபம் உண்டு, சட்டம் அப்படித்தான்.

வால்பாறைத் தேயிலை இன்னும் சுவாரசியம். இலை பறிப்பது விவசாயம், அதை வாட்டி அரைத்துத் தூளாக்குவது தொழிற்சாலை. இரண்டையும் ஒரே எஸ்டேட் செய்தால் லாபத்தை எப்படி வெட்டுவது? 60 சதவீதம் விவசாயம், 40 சதவீதம் வியாபாரம் என்று விதி வைத்துவிட்டார்கள். அந்த 40க்கு மட்டும் டெல்லி வருமான வரி போடும். ஒரே டம்ளர் டீயில் இரண்டு அரசாங்கம்.

ரயில்வே ஸ்டேஷனுக்கு ஈரோடு மாநகராட்சி வீட்டு வரி போடுமா?

போட முடியாது. டெல்லியின் சொத்துக்கு மாநிலமோ அதன் கீழுள்ள அமைப்போ வரி போடக் கூடாது என்று 285ஆம் பிரிவு சொல்கிறது. குப்பை, தண்ணீர் மாதிரி செய்த வேலைக்குக் கட்டணம் கேட்கலாம். வரிக்கும் கட்டணத்துக்கும் உள்ள வித்தியாசம் விஜயமங்கலத்தில் சொன்னதுதான்.

2025ல ஜல்லி, எம்-சாண்ட் வெலை திடீர்னு ஏறுச்சே. கல்லுக்குப் புதுசா வரின்னாங்க. கனிமம் டெல்லி பாகம் இல்லீங்களா?

நல்ல கேள்வி, நீதிமன்றமே 35 வருடம் சிக்கிக்கிடந்த இடம். 1989இல் இந்தியா சிமென்ட்ஸ் நிறுவனத்துக்கும் தமிழ்நாடு அரசுக்கும் நடந்த வழக்கில், கனிமத்துக்கு வாங்கும் ராயல்டியே ஒரு வரிதான், அதன் மேல் மாநிலம் செஸ் போடக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 2024 ஜூலை 25இல் ஒன்பது நீதிபதிகள் அமர்வு எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் அதைப் புரட்டிப்போட்டது. ராயல்டி என்பது வரி அல்ல, கல்லை எடுத்ததற்கான விலை. சுரங்க உரிமைக்கும் கனிமம் உள்ள நிலத்துக்கும் வரி போட மாநிலத்துக்கு அதிகாரம் உண்டு. கனிமத் தொழிலை ஒழுங்குபடுத்துவதில் டெல்லிக்கு அதிகாரம் இருப்பதால் மாநிலத்தின் வரி அதிகாரம் தானாகப் போய்விடாது. தமிழ்நாடு உடனே கனிமம் உள்ள நிலத்துக்கான வரிச் சட்டத்தைப் போட்டு 2025 ஏப்ரலில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது.

ஆக, வீடு கட்ட நீங்கள் இறக்கிய ஒரு லோடு ஜல்லியில் குவாரிக்காரர் கட்டிய சீனியரேஜ் (ஜல்லி மாதிரிச் சிறு கனிமத்துக்கான ராயல்டி) மாநிலத்துக்கு, நில வரி மாநிலத்துக்கு, பில்லில் உள்ள 5 சதவீத ஜிஎஸ்டி பாதிப் பாதி. கிரஷர் ஓட்டிய கரண்டுக்கான வரி மாநிலத்துக்கு. லாரி குடித்த டீசலுக்குப் பெட்ரோல் பதிலை மறுபடி பார்த்துக்கொள்ளுங்கள்.